கோட்டுக்கு இந்தப் பக்கம்

கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் தொழில்முறைத் தொடருக்குப் போனதும் ஏன் மண்ணைக் கவ்வுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் எங்கள் துயில்கூடத்தை ஆரம்பித்தார்கள். கோவைக்கு வெளியே, மூடிப்போன நூற்பாலை ஒன்றின் பின்கட்டில் அது இருந்தது. பஞ்சுப் பொதிகளை அடுக்கிய இடத்தில் உயரம் உயரமான பெண்களும் பையன்களும் வந்து பட்டப்பகலில் தூங்கினார்கள். எதிரே இருந்த டீக்கடைக்காரர், "தூங்கறதுக்கு ஒரு ஆபீஸ் வெச்சு நடத்தறது நீங்கதானுங்க" என்பார். தூங்குவது அவர்கள், விழித்திருப்பது நான் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு ஏறாது.

தொடரில் எட்டு அணிகள். வருடத்துக்கு ஒரு முறை டிராஃப்ட் நடக்கும். கல்லூரி முடித்த ஆட்டக்காரர்களை எட்டு அணிகளும் முறை வைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். முதல் பெயராக வந்தவளைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவார்கள். அடுத்த வருடம் அவள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கல்லூரியில் மழை மாதிரிப் புள்ளி குவித்தவள் இங்கே வந்து வளையம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பாள். அணி உரிமையாளர்கள் கையைச் சுட்டுக்கொண்டு அலுத்துப்போய்த்தான் டாக்டர் ரெஹானாவிடம் வந்தார்கள்.

ரெஹானா மூளை நரம்பியல் படித்தவர். கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதையே என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். சேர்ந்த புதிதில் நான் அவரிடம், உயரத்தையும் குதிப்பையும் குறிபார்த்து எறிவதையும் அளந்தால் போதாதா, எதற்குக் கனவு என்று கேட்டேன்.

"கையையும் காலையும் அளக்க ஆயிரம் பேர் இருக்காங்க குணா" என்றார். "காலேஜ்ல ராணி மாதிரி இருந்தவ, அங்க போனதும் பத்தோட பதினொண்ணா ஆயிடறா. அந்தச் சறுக்கலை யாரு எப்படித் தாங்குறாங்கன்னுதான் நான் பார்க்கணும். முழிச்சிருக்கும்போது கேட்டா எல்லாரும் நல்லாத் தாங்குவேன்னுதான் சொல்லுவாங்க. தூக்கத்துல பொய் சொல்ல வராது."

அவர் செய்த கருவி அப்படித்தான் வேலை செய்தது. ஓர் ஆட்டக்காரி கல்லூரியில் ஆடிய ஆட்டங்கள், ஆடும்போது அவள் இதயம் துடித்த வேகம், மூச்சு, வியர்வை எல்லாவற்றையும் அதற்குள் கொடுத்துவிடுவோம். அவள் தலையில் ஒரு தொப்பியை மாட்டிப் படுக்க வைப்போம். கருவி விதையைத்தான் போடும். மிச்சத்தை அவள் மூளையே வளர்த்துக்கொள்ளும். ஒரு பிற்பகல் தூக்கத்தில் பத்து சீசன் ஆடி முடித்துவிடுவாள். கனவில் அவள் உடம்பு பட்ட பாட்டை வைத்துக் கருவி நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைச் சொல்லும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மெதுவாக எழுப்புவது என் வேலை. அப்படி எழுப்பினால் கனவு கரைந்துவிடும். எழுந்தவர்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது, டீ கிடைக்குமா என்று கேட்பார்கள். ஒருவருக்கு ஒரு தடவைதான். இரண்டாம் தடவை மூளை உஷாராகிவிடும் என்று ரெஹானாவே விதி எழுதிவைத்திருந்தார்.

எங்கள் எண் சொன்னது பலித்தது. பலிக்கப் பலிக்க ஊரில் அதற்கு மவுசு ஏறியது. அணிகள் மட்டும் பார்த்தால் பரவாயில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுக்கிறவர்களும் கேட்டார்கள், பெண் பார்க்க வந்தவர்களும் கேட்டார்கள். ‘நல்ல கனவு காணப் பயிற்சி, ஹாஸ்டல் வசதி உண்டு’ என்று காந்திபுரம் பஸ் நிலையத்தில் போஸ்டர் ஒட்டியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். நம் ஆட்களுக்கு எதற்கும் ஒரு டியூஷன் வைத்தால்தான் நிம்மதி. குறைந்த எண் வாங்கியவர்கள் பந்தை மூட்டை கட்டிவைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளமும் வந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் இசக்கி வந்தாள்.

இசக்கி பாளையங்கோட்டைக்காரி. ஆறடிக்கு மேல் ஓர் அங்குலம். அந்த வருடம் கல்லூரி ஆட்டங்களில் அவளைத் தடுக்க ஆள் கிடையாது. பந்தோடு அவள் வளையத்தைப் பார்த்துத் திரும்பினாலே எதிரணிக் கோச் தலையில் கையை வைத்துக்கொள்வார். டிராஃப்டில் முதல் பெயர் இவள்தான் என்று பேப்பர்காரர்கள் முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். கூட வந்தவர் அவள் அம்மா பேச்சியம்மாள், திருநெல்வேலி டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அம்மாவின் குரலுக்கு விசில் தேவைப்பட்டதே இல்லை என்று இசக்கி சிரித்தாள். மகள் ஆடும் ஆட்டங்களுக்கெல்லாம் லீவு போட்டுவிட்டு வந்து காலரியில் உட்கார்ந்து கத்துவாராம். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்த பேச்சியம்மாள், "ஆஸ்பத்திரி மாரியும் இல்ல, கோயில் மாரியும் இல்ல. என்ன எடம்யா இது" என்றார்.

வெளிக்கூடத்தில் காத்திருக்கச் சொன்னோம். கேட்கவில்லை. பெற்றவள் பார்க்காமல் பிள்ளை தூங்குவதாவது என்று கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அறையில் கட்டில் கிடையாது. ஆட்டக்காரர்களின் கால் எந்தக் கட்டிலுக்கும் அடங்காது என்பதால் தரையிலேயே நீளமான மெத்தை. கருவி ஒரு சுவரோரம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி எதிர்ச் சுவரில். இப்படி அமைத்த புண்ணியவான் ஒரு நாளாவது உள்ளே வந்து நின்று பார்த்திருக்க மாட்டான். ஆள் படுத்துவிட்டால் அந்தச் சுவருக்குப் போக வேறு வழியே இல்லை, அவர்கள் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். எத்தனையோ பேரைத் தாண்டியிருக்கிறேன்.

படுத்திருப்பவரைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும், தாண்டியவர் உடனே திரும்பத் தாண்டிவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. சின்ன வயதில் தங்கையைத் தாண்டியதற்காக முதுகில் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஆறடி ஓர் அங்குலப் பெண்ணுக்கு இனி என்ன வளர்ச்சி பாக்கி இருக்கிறது? அவள் தூங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, வெளிச்சத்தை இன்னும் குறைக்க வேண்டியிருந்தது. தாண்டினேன்.

கதவு திறந்தது.

"வேய், ஒமக்குக் கண்ணு தெரியலியா? புள்ள படுத்துக் கெடக்கு, தாண்டிட்டுப் போறீரு. திரும்பத் தாண்டும். இங்ஙன வாரும், திரும்பத் தாண்டும்."

நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அதுதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியிருக்க வேண்டும். என்னிடம் பேசிப் பயனில்லை என்று மகள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி இசக்கி. எந்திரி. எந்திரிட்டி."

பஸ்ஸின் பின்படியிலிருந்து டிரைவருக்குக் கேட்கிற குரல் அது. இசக்கி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் வலது கை முன்னால் நீண்டு, விரல் நுனி மெத்தை ஓரத்துத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலையிலிருந்த தொப்பி சரிந்து தொங்கியது. அவள் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. அம்மாவை மட்டுமே பார்த்தாள், வெளிநாட்டிலிருந்து பல வருடம் கழித்து வந்தவர்கள் பார்ப்பதுபோல. பிறகு எட்டி அம்மாவின் காதோரத்து முடியைத் தொட்டாள்.

"யம்மா, ஒனக்கு நரையே காணுமே" என்றாள்.

பேச்சியம்மாளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. "நரையா? என்னட்டி பேசுத" என்றவர், மகள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் காதோரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நான் திரும்பத் தாண்டவும் வழியில்லாமல் போயிற்று. உட்கார்ந்திருப்பவரை எப்படித் தாண்டுவது?

சத்தம் கேட்டு ரெஹானா ஓடிவந்தார். பேச்சியம்மாளைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் இசக்கியை எதிரே டீக்கடைக்கு அழைத்துப்போனேன். டீ ஆறும்வரை அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் எழுப்பியதால் அவளுக்குக் கனவு கரையவில்லை. கரையாத கனவை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கனவில் அவள் தூத்துக்குடி அணியில் இருந்தாள். முதல் நாளே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பெஞ்சுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. அரங்கத்துக்குத் தகரக் கூரை, அதன் மேல் எந்நேரமும் மழை. அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. பந்து தரையில் பட்டு எழும்பும், ஓசை இருக்காது. காலரியில் எல்லோரும் வாயைத் திறந்து கத்துவார்கள், அதுவும் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் சீசனுக்குச் சீசன் மாறினார்கள். ஸ்கோர் போர்டில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், அவளால் வாசிக்க முடியாது. முதல் சீசனில் அழுதாள். அடுத்ததில் கோபம் வந்தது. கோபமும் தீர்ந்த பிறகு வேறு வேலை இல்லாததால் ஆட்டத்தைப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து, பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்பது அது கிளம்புவதற்கு முன்பே தெரிய ஆரம்பித்தது. எப்போதாவது அம்மா காலரியில் இருப்பாள். ஒவ்வொரு தடவையும் காதோரம் கொஞ்சம் கூடுதலாக நரைத்திருக்கும். கோச்சின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. தோளில் துண்டு போட்ட முதுகு மட்டும்தான் தெரியும்.

இவ்வளவையும் ஏதோ பழைய வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னாள். அடுத்ததைச் சொல்லும்போதுதான் குரல் மாறியது.

"நாலாவது சீசன் முடியப்போவுது சார். அந்த முதுகு திரும்பிச்சு. ரெண்டு வெரலக் காட்டி வான்னு கூப்புட்டாவ. நான் எந்திரிச்சுப் போயி கோட்டுப் பக்கத்துல குனிஞ்சு தரையத் தொட்டேன். தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் உள்ள போவேன், சின்னதுல இருந்தே அப்படித்தான். தொட்டுட்டு நிமிருதேன், அம்மா எழுப்பிட்டா."

ஆறிப்போன டீயைத் தள்ளிவைத்தாள்.

"உள்ள போயிருந்தா நான் ஆடியிருப்பேனா சார்?"

அது கருவிக்கும் தெரியாது என்றேன். அவள் அழுதாள். இருபத்தொரு வயதுப் பெண் அழுகிற அழுகையாக அது இல்லை, சத்தம் போடாமல் ரொம்ப நாள் பழகியவர்கள் அழுவதுபோல அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எழுப்பினார்கள் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

கருவிக்கு இரக்கம் கிடையாது. நான்கு சீசன் பெஞ்சு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டு இருபத்தொன்று என்றது. எங்கள் கூடத்தில் அதற்கு முன் யாரும் அவ்வளவு கீழே போனதில்லை. இன்னொரு தடவை தூங்கவைக்க அணி உரிமையாளர்களிடம் அனுமதி கேட்டு ரெஹானா அலைந்தார். அவர் எழுதிய விதியையே எடுத்து அவரிடம் காட்டினார்கள்.

டிராஃப்ட் அன்று முதல் பெயர் இசக்கியுடையது இல்லை. இரண்டாவதும் இல்லை. கூட்டம் கலைந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்த நேரத்தில், கடைசிப் பெயராகத் தூத்துக்குடி அணி அவளைக் கூப்பிட்டது. பக்கத்து ஊர்ப் பெண், நாலு டிக்கெட் கூடுதலாக விற்கும் என்பதுதான் காரணம். தூத்துக்குடி என்றதும் எனக்கு அவள் கனவுதான் நினைவுக்கு வந்தது. பிறகு, எட்டு அணியில் ஏதாவது ஒன்று கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் நாளே அவளை உட்கார வைத்தார்கள்.

அன்று மாலை பேச்சியம்மாள் எனக்குப் போன் செய்தார். நம்பரை யார் கொடுத்தார்களோ தெரியாது. "ஒக்கார வச்சுட்டானுவ. எல்லாம் நீரு தாண்டுனதுதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த ஆட்டத்துக்கும் போன் வந்தது. அதற்கடுத்ததற்கும் வந்தது. நான்கு வருடமாக அந்த அணியின் முடிவுகளை நான் பேப்பரில் பார்க்க வேண்டி வந்ததே இல்லை. இப்படி ஒரு பெண்மணி விடாமல் திட்டிக்கொண்டிருந்தால் அவரும் ஒரு சொந்தம் மாதிரி ஆகிவிடுகிறார். ஓர் ஆட்டத்துக்குப் போன் வரவில்லை என்றால் நானே கூப்பிட்டு, ஏனுங்கம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இரண்டாவது வருடம், எண் கேட்காத ஓர் அலுவலகத்திலிருந்து இசக்கிக்கு நல்ல வேலை ஒன்று வந்தது. பேச்சியம்மாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். இசக்கி மறுத்துவிட்டாள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. கோடு வரைக்கும் போய்விட்டு வந்தவளுக்கு அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. அதை அவர் மகளே சொல்ல வேண்டாம் என்றிருக்கிறாள், நான் எப்படிச் சொல்வேன்? திரும்பத் தாண்டிவிட்டுப் போங்கள் என்று பேச்சியம்மாள் என்னைக் கூப்பிடாத மாதம் இல்லை. நான் போகவில்லை. படித்த படிப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

நான்காவது வருடம் ஒரு நாள் ரெஹானா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மேஜை துடைத்து வெறுமையாக இருந்தது.

"நம்ம கணக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. ஏன்னு யோசிச்சியா குணா?"

"கருவி நல்ல கருவிங்க மேடம்."

"நாம தேறமாட்டான்னு சொன்னவங்களை யாரும் களத்துல இறக்கறதே இல்ல. இறக்காம எப்படித் தேறுவாங்க? தேறுவாங்கன்னு சொன்னவங்களுக்குத் தப்பு பண்ணப் பண்ண வாய்ப்பு தர்றாங்க. தேறாம என்ன செய்வாங்க? நான் எதிர்காலத்தைப் பார்க்கல. எழுதிக் கொடுத்துட்டிருந்திருக்கேன்."

அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டார். அணிகள் அலட்டிக்கொள்ளவில்லை, அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தார். எனக்கு மட்டும் அறைக்குள் போகவே கால் கூசியது. மெத்தையைப் பார்க்கும்போதெல்லாம் விரல் நுனியால் தரையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் நினைவுக்கு வந்தாள். படிப்பின் மரியாதை போனால் போகிறது என்று தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன்.

சீசனின் கடைசி ஆட்டம். அரங்கத்தின் வாசலில் பேச்சியம்மாள் காக்கிச் சேலையோடு நின்றுகொண்டிருந்தார், டூட்டியிலிருந்து நேரே வந்திருக்கிறார். நான்கு வருடத்துக்குப் பிறகு நேரில் பார்க்கிறேன். காதோரம் இரண்டு பக்கமும் நரைத்திருந்தது. நலம் விசாரிக்கவெல்லாம் அவருக்கு நேரமில்லை. என் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, என்னை முன்னால் தள்ளிக்கொண்டு ஆடுகளத்து ஓரத்துக்கே வந்துவிட்டார். ஆட்டத்துக்கு முன்னால் பெண்கள் வரிசையாகத் தரையில் படுத்துக் கைகால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இசக்கி கண்ணை மூடி மல்லாந்து கிடந்தாள்.

"போம். போயித் தாண்டும்" என்று என் காதில் முணுமுணுத்தார்.

எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்று நான் தடுமாறினேன். பேச்சியம்மாள் அதை மறந்திருக்கவில்லை. அன்றைக்கு நீர் அவள் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போனீர், இப்போது இடப்பக்கமிருந்து வாரும் என்று அதே முணுமுணுப்பில் சொன்னார். நாற்பதை நெருங்கும் வயதில், கழுத்தில் அட்டை தொங்க, ஓர் அணியே பார்த்துச் சிரிக்க, பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் அவள் காலைத் தாண்டினேன்.

"குணா சாரா?" என்றாள் இசக்கி, கண்ணைத் திறக்காமலே.

நான்தான் என்றேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். அம்மா இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

"பெஞ்சப் பாத்தீயளா சார்? நேத்துதான் பச்சப் பெயின்ட் அடிச்சிருக்காவ. இந்த வருசம் வந்த கோச் தோளுல துண்டு போடுதாவ."

எல்லாக் கோச்சும் துண்டு போடுவார்கள் என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு சார். காலைல முழிக்கும்போது இன்னும் ஒங்க மெத்தையிலதான் கெடக்கேனோன்னு தோணும். இந்த நாலு வருசமும் அங்ஙன கெடந்து பாக்கதுதானோன்னு தோணும். இன்னைக்குக் கூப்புட்டாவன்னா குனிஞ்சு தரையத் தொடுவேன். தொட்டுட்டு நிமிரும்போது அம்மா குரல் கேட்டுச்சின்னா என்ன செய்ய? அன்னைக்கு அந்த எடத்துலதான எழுப்புனா."

யாரும் எழுப்ப மாட்டார்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பேச்சியம்மாள் அங்கே இல்லை.

காலரியின் மேல் வரிசையில் அவரைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "நாந்தானாக்கும்" என்று மட்டும் சொன்னார். நான்கு வருடமாக என் தலையில் சுமத்திய பழியை அந்த ஒரு சொல்லில் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். இல்லைங்கம்மா, நான் தாண்டாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவர் காதில் விழவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அந்த அரங்கத்தில் பேச்சியம்மாளை எல்லோருக்கும் தெரியும். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்து, கண்டக்டரம்மா, இன்னைக்கு என்ன சத்தத்தைக் காணோம் என்று கேட்டார்கள். அவர் அசையவில்லை. மூன்றாவது கால் பகுதி முடிகிற நேரத்தில் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. தூத்துக்குடியில் மழை பெய்தால் கடைக்காரர்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார்கள், அப்படிப்பட்ட ஊர். அங்கே அன்றைக்கு மழை கொட்டித் தீர்த்தது. தகரத்தின் மேல் அது விழ விழ ஆட்டத்தின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. முதலில் பந்தின் சத்தம் போயிற்று. பிறகு ஷூக்களின் கீச்சொலி போயிற்று. நடுவர் விசிலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினார், எதுவும் கேட்கவில்லை. எனக்கே ஒரு கணம், நான் எங்கே படுத்திருக்கிறேன் என்று தோன்றியது.

எங்கள் அணி இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. பந்தைக் கொண்டுபோகிற பெண் ஐந்தாவது ஃபவுல் வாங்கி, விதிப்படி ஆட்டத்தை விட்டே வெளியே வந்தாள். அவளுக்கு மாற்றாக இருந்தவள் ஏற்கனவே கணுக்கால் பிசகி ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, எந்த ஆட்டத்திலும் நடப்பதுதான். புதிதாக வந்த அந்தக் கோச் கொஞ்ச நாளாக இசக்கியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அடுத்து பந்து எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பேச்சியம்மாளே போனில் சொல்லியிருக்கிறார். அதனால் இதைக் கனவின் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை.

ஆனாலும் அந்த முதுகு திரும்பியபோது என் கை நாற்காலியை இறுகப் பிடித்தது. கோச்சின் முகம் தெரிந்தது. களைத்த, சாதாரண முகம். பெஞ்சைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

இசக்கி எழுந்தாள். கோட்டை நோக்கி நடந்தாள். அவ்வளவு மெதுவாக ஓர் ஆட்டக்காரி களத்துக்குள் போய் நான் பார்த்ததில்லை. காலரியில் எல்லோரும் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார்கள், மழையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அந்த மழையையும் மீறிக் கேட்கக்கூடிய குரல் அந்த அரங்கத்தில் ஒன்றுதான் இருந்தது. அது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். பேச்சியம்மாள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, அதற்கு மேல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து கைமேல் இறங்கியது. பெற்ற பிள்ளை நான்கு வருடம் கழித்துக் களத்தில் இறங்குகிறாள், பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த உடம்பு முழுவதும் துடித்துக்கொண்டிருந்தது.

கோட்டருகே இசக்கி குனிந்தாள். விரல் நுனியால் தரையைத் தொட்டாள். அப்படியே இருந்தாள். நடுவர் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு மெல்ல நிமிர்ந்து, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேலே எங்கள் வரிசையை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தாள்.

யாரும் கூப்பிடவில்லை.

இசக்கி கோட்டைத் தாண்டி உள்ளே போனாள்.